தீர்த்தம் பட்ட ரைபிள்

இந்த நாட்டில் துவக்கு வைத்திருக்க அனுமதி கேட்டால், கேட்டவரோடு மட்டும் கதைத்துவிட்டுப் போக மாட்டார்கள். அவரோடு ஒரே வீட்டில் வாழ்கிறவரையும் தனியாக இருத்தி வைத்துக் கேட்பார்கள். இவர் கையில் துவக்கு இருந்தால் உங்களுக்குப் பயமில்லையா, கோபம் வந்தால் எப்படி நடந்துகொள்வார், உங்களுக்கு இதில் சம்மதமா என்றெல்லாம் கேள்விகள் வரும். பெரும்பாலான வீடுகளில் இவற்றுக்கு மனைவிதான் பதில் சொல்வாள். நாங்கள் வந்து குடியேறிய தகனினி என்ற புறநகரில், எங்கள் வீட்டில் பதில் சொல்ல வேண்டியவர் என் கணவர்.

அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியாது. அவர் மன்னாரில் வளர்ந்தவர். சந்திக்குச் சந்தி துவக்கோடு ஆட்கள் நின்ற காலத்தில் பள்ளிக்கூடம் போனவர். நான் விண்ணப்பித்த பிறகு வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. வருகிற அதிகாரிக்கு முன்னால் அவர் கொஞ்சம் தயங்கினாலே போதும், எல்லாம் முடிந்துவிடும். துவக்குச் சுடும் கிளப்பில் எனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் பழைய ராணுவ ரைபிள் வேறு யாருடைய கைக்கோ போய்விடும்.

என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள். மோட்டர்வேயில் ஏறிய பிறகு கராஜ் கதவை மூடினேனா என்ற யோசனை வந்து, அடுத்த எக்ஸிட்டில் இறங்கித் திரும்பி வருகிறவள் நான். மகளுக்குக் காய்ச்சல் என்றால் தெர்மோமீட்டரை நம்பாமல் இன்னொரு தெர்மோமீட்டர் வாங்கியவள். அப்படிப்பட்டவளுக்குத் துவக்கில் ஆசை வந்தது எப்படி? எல்லாம் என் வேலையால் வந்தது.

மனுகாவில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படித்தேன். இங்கே வந்து, ஒவ்வொருவருடைய கண்ணுக்கும் தேவைக்கும் ஏற்றபடி கண்ணாடி பொருத்தப் படித்தேன். ஒருநாள் ஒடாஹுஹுவில் கார் திருத்தும் ஒருவர் கடைக்கு வந்தார். பிஜியில் பிறந்தவர், நாற்பது வயதைத் தாண்டியவர். அவருடைய முன்னோர் பேசிய தமிழில் அவரிடம் மிஞ்சியிருந்தவை வணக்கம், தண்ணி, தங்கச்சி என்ற மூன்று சொற்கள்தான். என் முகத்தைப் பார்த்ததும் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, மிச்சத்தை ஆங்கிலத்தில் தொடர்ந்தார்.

"வாசிக்கிறது, கார் ஓட்டுறது எல்லாம் நல்லாத் தெரியுது. ஒரே ஒரு கம்பி மட்டும் மங்குது."

"என்ன கம்பி?"

"என் ரைபிளின் முன் குறி."

நான் பேனையை வைத்துவிட்டுக் கடை வாசலைப் பார்த்தேன். அவர் சிரித்தார். "பயப்படாதே தங்கச்சி, அதைக் கொண்டு வரவில்லை. கொண்டு வந்தால் என்னை வெளியே விடுவார்களா?" என்று தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். எனக்குத் தெரிந்த துவக்குகள் கறுப்பு இரும்பும் பிளாஸ்டிக்குமாக, பார்த்தவுடன் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளச் செய்பவை. இதுவோ நுனிவரை மரம். நல்ல தேநீர் நிறத்தில், பழைய வயலினைப் போல இருந்தது. பெரிய போர்களின் காலத்தில் சிப்பாய்கள் தூக்கிய வகை, ஒவ்வொரு வெடிக்கும் போல்ட் என்ற இரும்புத் தண்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டும் என்றார். அவருடைய குரலைக் கேட்டால் முதல் குழந்தையின் படத்தைக் காட்டுகிறார் என்று நினைப்பீர்கள்.

கண்ணுக்கும் அந்தக் குறிக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன். சொல்லத் தெரியவில்லை. கடையின் மூலையில் இருந்த மொப் தடியை எடுத்தார். எடுத்த வேகத்தில் கம்பளத்தில் குப்புறப் படுத்து, தடியைத் தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடி, விலைகூடிய பிரேம்கள் இருந்த அலுமாரியைக் குறி பார்த்தார். நான் அளவு நாடாவோடு பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். மனேஜர் வந்து, "இங்கே எல்லாம் சரிதானே?" என்று கேட்டார். "கண் பரிசோதனை" என்று மொப் தடிக்காரர் படுத்தபடியே பதில் சொன்னார்.

அன்று வீட்டுக்கு வந்தும் என் தலை அதிலேயே நின்றது. சுடுகிறவர், ரைபிளின் பின்பக்கத்தில் ஒரு சின்னத் துவாரம், முன்பக்கத்தில் ஒரு கம்பி, தூரத்தில் ஓர் இலக்கு என மூன்றைப் பார்க்க வேண்டும். கண்ணால் மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. கம்பி தெளிவாக இருக்க வேண்டும், இலக்கு கொஞ்சம் மங்கினால் பாதகமில்லை. பின்னால் இருக்கும் துவாரம் சும்மா ஓர் ஓட்டை அல்ல. உயர்தர வகுப்பில் அட்டைப்பெட்டியில் செய்த ஊசித்துளைக் கமராவின் வேலையையே அது செய்கிறது. வெறும் ஓட்டையே பாதி லென்ஸ்! வெளிச்சம் போடும் கருவியோ பற்றரியோ இல்லாத காலத்தில் யாரோ இதை யோசித்துச் செய்திருக்கிறார்கள். சோற்றை வடித்துக்கொண்டே இதைக் கணவரிடம் சொன்னேன். "ஓம்" என்றார். அவர் மின்சார வேலை செய்கிறவர். இப்படியான விஷயம் என்றால் நாலு கேள்வி கேட்காமல் விட மாட்டார். அன்று ஒன்றும் கேட்கவில்லை.

வழக்கமான கண்ணாடியில் லென்ஸின் பவரை அரை டயோப்டர் கூட்டிக் கொடுத்தோம். அடுத்த வாரம் மெக்கானிக் ஒரு தாளை ஆட்டிக்கொண்டு கடைக்குள் ஓடி வந்தார். தாளின் நடுவில் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் ஓட்டைகள். "தங்கச்சி, கம்பி ஊசி மாதிரித் தெரியுது!" கடையில் நின்றவர்கள் எல்லோருக்கும் அந்தத் தாளைக் காட்டினார். போகும்போது, கிளப்பில் வெளியாட்கள் வந்து பார்க்கும் நாள் ஒன்று வருகிறது, குடும்பத்தோடு வா என்றார்.

போவதா விடுவதா என்று எத்தனை தரம் மாற்றி மாற்றி முடிவெடுத்தேன் என்று சொன்னால் வெட்கம். மூன்று வயதுப் பிள்ளையை அங்கே கொண்டு போகலாமா? கணவருக்குப் பழைய ஞாபகங்களைக் கிளறி விடுவேனா? கடைசியில் அவரே கார்த் திறப்பை எடுத்து, "போறதெண்டா வெளிக்கிடும். நிண்டு யோசிச்சா மழை வந்திடும்" என்றார்.

நகரத்துக்குத் தெற்கே, மாடுகள் மேயும் வெளிகளுக்கு நடுவில் அந்த இடம் இருந்தது. அவர் மகளோடு வேலிக்கு வெளியே தூரமாக நின்றுகொண்டார். மகளின் காதுகளில் சத்தத்தை அடைக்கும் இளஞ்சிவப்பு இயர்மஃப். நான் உள்ளே போனேன்.

நீண்ட மேசையில் ரைபிள்களை அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லாவற்றிலும் போல்ட் திறந்து கிடந்தது, உள்ளே வெடி இல்லை என்று காட்ட ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் நாக்கு ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மேசையைச் சுற்றி நின்றவர்களின் கதையைக் கேட்க வேண்டும்! ஒருவர் சுவீடன் ரைபிள்தான் உலகத்திலேயே வடிவு என்கிறார். "வடிவு சரி, ஆனால் சேற்றில் விழுந்தால் அழும்" என்கிறார் இன்னொருவர். "உன்னைப் போல" என்கிறார் முதலாமவர். ஒருவர் மரத்தில் இருந்த ஒட்டுப் போட்ட இடத்தைத் தடவி, இதைச் செய்த ஆசாரியின் கையை முத்தமிடலாம் என்றார். இரும்பில் குத்தியிருந்த எண்களையும் அம்புக்குறியையும் சாதகக் குறிப்பை வாசிப்பது போல வாசித்தார்கள். எங்கே செய்தது, எந்த நாட்டுப் படைக்குப் போனது, எப்போது திருத்தியது என்பதெல்லாம் அவர்களுக்கு அதிலிருந்தே தெரிந்தது. ரைபிளின் அடிப்பக்கத்தில் பித்தளையில் ஒரு குட்டிக் கதவு. திறந்தால் உள்ளே சின்ன எண்ணெய்ப் போத்தலும் துடைக்கிற கயிறும். நான் அந்தக் கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி, சின்னப்பிள்ளை மாதிரி நின்றேன்.

சுடும் வரிசைக்குப் பொறுப்பாக நின்றவர் பள்ளி பஸ் ஓட்டும் ஒரு பெண். குரல் பஸ்ஸின் கடைசி ஆசனம்வரை கேட்கும். மேசையில் இருந்தவற்றில் ஒன்று அவருடையது. அதை என் கையில் தரும்போது, உள்ளே பார்த்து வெறுமை என்றார். நானும் பார்க்க வேண்டும் என்றார். பார்த்தேன். சுண்டுவிரலை விட்டும் தடவிப் பார்க்கச் சொன்னார். தடவினேன். நாலடி நடந்து படுத்துச் சுடும் பாய்க்குப் பக்கத்தில் போனதும் எனக்கு வழக்கமான சந்தேகம் வந்துவிட்டது.

"மன்னிக்கவும், இன்னொரு தரம் பார்க்கலாமா?"

வரிசையில் நின்ற எல்லோரும் ஒரே குரலில், "பார்! பார்!" என்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் இப்படி நடந்தது அதுதான் முதல் தரம். அடுப்பை இன்னொரு தரம் பார்த்தால் வீட்டில் பகிடி. ரசீதை இன்னொரு தரம் பார்த்தால் கடையில் பெருமூச்சு. இங்கே இரண்டாம் தரம் பார்க்காதவரைத்தான் ஏசுகிறார்கள்! எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

அந்தச் சந்தோசத்தில்தான் அந்த வேலையைச் செய்தேன். எங்கள் வீட்டில் புதிதாக எதைத் தொட்டாலும் தீர்த்தம் தெளிப்போம். கார், தொட்டில், ரைஸ் குக்கர், எதையும் விட்டதில்லை. மடுமாதா கோயிலில் இருந்து வந்த தீர்த்தம் ஒரு குட்டிப் போத்தலில் மகளின் துணிப் பையோடு எப்போதும் இருக்கும். பாயில் படுக்க முன், விரலை நனைத்து, ரைபிளின் போல்ட்டில், மினுங்குகிற வெறும் இரும்பில், தாராளமாக ஒரு சிலுவை போட்டேன்.

"நல்லது. என்ன எண்ணெய் அது?" என்று பஸ்காரப் பெண் கேட்டார்.

"எண்ணெய் இல்லை. ஆசீர்வதித்த தண்ணீர்."

"தண்ணீரா?"

அந்தக் குரலுக்கு மாடுகள்கூட நிமிர்ந்து பார்த்திருக்கும். மெக்கானிக், "தங்கச்சி! தண்ணி!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார். அவருடைய தமிழ் முழுவதும் அன்று உதவியது. சுவீடன்காரர் துணியோடு வந்தார், சேற்றுக்காரர் எண்ணெயோடு வந்தார், துருப் பிடிக்க முன் நாலு பேர் சேர்ந்து அந்த இரும்பைத் துடைத்த துடைப்பு எந்தக் குழந்தைக்கும் கிடைத்திருக்காது. நான் மண்ணுக்குள் போய்விடலாமா என்று நின்றேன். ஆனால் பஸ்காரப் பெண் இடுப்பில் கை வைத்துச் சிரிக்கத் தொடங்கிவிட்டார். "எத்தனை வருடமாக வைத்திருக்கிறேன். இதுவரைக்கும் ஞானஸ்நானம் எடுக்காமலா இருந்தது, பாவம்!"

பிறகு படுத்தேன். கன்னத்தை மரத்தில் வைத்தேன். கிரிக்கெட் மட்டைக்குப் பூசுகிற லின்சீட் எண்ணெயின் வாசம் வந்தது. துவாரத்துக்குள்ளே கம்பி, நான் கணக்குப் போட்டபடியே, ஊசியாக நின்றது. தூரத்துக் கறுப்பு வட்டம் மெல்ல மங்கி அதன்மேல் உட்கார்ந்தது. மூச்சைப் பாதியில் நிறுத்தி விரலை அழுத்தினேன். தோளில் யாரோ உரிமையோடு ஓங்கித் தட்டியது போல இருந்தது. போல்ட்டை இழுத்தேன், வெடித்து முடிந்த வெற்றுக் கோது பளபளவென்று துள்ளி விழுந்தது. அதைத் திரும்பத் தள்ளும்போது வந்த சத்தம், நன்றாகச் செய்த அலுமாரிக் கதவு மூடுகிற சத்தம். எனக்குச் சிரிப்பு வந்தது. படுத்தபடியே, யாரோ விலாவில் கூச்சம் காட்டியது போலச் சிரித்தேன்.

"நிறுத்துங்கள்!" என்று கட்டளை வந்ததும் எல்லோரும் போல்ட்டைத் திறந்து, பிளாஸ்டிக் நாக்கைச் செருகி, ரைபிளைப் பாயிலேயே விட்டுவிட்டுப் பின்னால் போனோம். ஆட்கள் இலக்குவரை நடந்து போய்த் திரும்பி வரும்வரை ஒருவரும் ஒன்றையும் தொடக்கூடாது. என் ஓட்டைகள் வட்டத்துக்கு இடப்பக்கம் தள்ளி இருந்தன, ஆனால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி இருந்தன. "ஒரே இடத்தில் பிழை விட்டிருக்கிறாய். குறியைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும்!" என்று மெக்கானிக் தன் தாளைப் போலவே என் தாளையும் எல்லோருக்கும் காட்டிக்கொண்டு போனார்.

தேநீரோடு நிற்கும்போது மனதை அரித்ததைப் பஸ்காரப் பெண்ணிடம் கேட்டுவிட்டேன். இவை ஆட்களைச் சுடுவதற்கென்று செய்தவைதானே, அதை விட்டுவிட்டு மரத்தையும் பித்தளையையும் புகழ்வது சரியா?

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "தெரியாது. ஒவ்வொரு தரம் கையில் எடுக்கும்போதும் எனக்கும் அந்த நினைப்பு வரும். வராதவர்களோடு நான் அவ்வளவாகச் சேருவதில்லை. இன்றைக்கு இது ஓட்டை போட்டது ஒரு தாளில். அதில் எனக்குச் சந்தோசம்." பிறகு, தான் சின்ன வீட்டுக்கு மாறப் போவதாகவும், எல்லா ரைபிள்களையும் அங்கே வைக்க முடியாது என்றும் சொன்னார். "அனுமதி எடு. இதை உனக்குத் தருகிறேன். ஞானத்தாய் நீதானே."

வீடு திரும்பும்போது மோட்டர்வே முழுக்க நான்தான் கதைத்தேன். பின்னால் இருந்து மகள், "மம்மி, அகெய்ன்!" என்றாள். கணவர் பாதையைப் பார்த்தபடி இரண்டு தரம் "ஓம்" சொன்னார்.

பாதுகாப்பு வகுப்புக்குப் போனேன், பரீட்சையில் சித்தியடைந்தேன். துவக்கைப் பூட்டி வைக்க இரும்புப் பெட்டி வந்தபோது, நான் கேட்காமலே அவர் அதைக் கராஜ் சுவரோடு சேர்த்துப் போல்ட் அடித்து இறுக்கினார். இறுக்கிய பிறகு தோளால் தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. இது சம்மதமா? அல்லது சுவரில் எது பூட்டினாலும் ஒழுங்காகப் பூட்டுகிற அவருடைய தொழில் குணமா?

"இஞ்ச பாருங்கோ. உங்களுக்கு வேண்டாமெண்டா இப்பவே சொல்லுங்கோ. நான் விட்டிடுறன்."

"உம்மட விருப்பம்."

கலியாணம் கட்டியவர்களுக்குத் தெரியும், இதைவிடப் பொல்லாத பதில் கிடையாது. அவருக்கு நோகிற ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேனோ என்று யோசித்தேன். விண்ணப்பத்தைத் திருப்பி எடுக்கிறேன் என்று எழுதினேன், அனுப்பாமல் அழித்தேன். மறுபடி எழுதினேன். சனிக்கிழமை வந்ததும் கிளப்புக்குப் போய், பஸ்காரப் பெண்ணுக்குப் பக்கத்தில் படுத்து, கம்பி ஊசியாக நிற்பதைப் பார்த்தால் எல்லா யோசனையும் பறந்துவிடும். போல்ட்டின் ஓரத்தில், மரத்துக்குக் கீழே ஓடிப் போன ஒரு துளித் தீர்த்தத்தால் வந்த மண்ணிறத் துருப் புள்ளி ஒன்று, எவ்வளவு துடைத்தும் போகாமல் கிடந்தது. அதைப் பார்த்தாலே எனக்கு உரிமை வந்துவிடும்.

அதிகாரி ஒரு பின்னேரம் வந்தார். அமைதியான மனிதர், சப்பாத்தை வாசலிலேயே கழற்றினார். பெட்டியைப் பார்த்தார், தோளால் தள்ளியும் பார்த்தார். என்னிடம் நிறையக் கேட்டார். பிறகு கணவரோடு தனியாகக் கதைக்க வேண்டும் என்றார். நான் மகளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனேன். எங்கள் வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. தண்ணீர்க் குழாயை மூடினேன். மூடியதை இன்னொரு தரம் இறுக்கினேன்.

அவருடைய ஆங்கிலம் மெதுவானது, ஆனால் தெளிவானது.

"எனக்குத் துவக்கு பிடிக்காது. நான் தொட்டதில்லை, தொடவும் மாட்டேன்."

மகள் என் கழுத்தை இறுக்கிப் பிடித்தாளா, நான் அவளை இறுக்கிப் பிடித்தேனா தெரியாது.

"ஆனால் நீங்கள் கேட்டது அவளைப் பற்றி. அவள் அடுப்பை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத் திரும்பவும் பார்ப்பாள். பிள்ளையின் கார் சீட் பட்டியை நான் பூட்டினால் அதையும் இழுத்துப் பார்ப்பாள். இவ்வளவு நாளும் எனக்கு அது கரைச்சல். அந்தக் கிளப்பில் பார்த்தேன், அங்கே எல்லோரும் அவளைப் போலத்தான்."

அதிகாரி சிரித்த சத்தம் கேட்டது. கணவர் நிறுத்தவில்லை.

"இன்னொன்று. நான் வேலிக்கு வெளியே நின்றேன். ஒரு பெண் சத்தம் போட்டாள். அவ்வளவு பேரும் துவக்கை நிலத்தில் வைத்துவிட்டுப் பின்னால் போனார்கள். தொடாதே என்றதும் ஒருவனும் தொடவில்லை. நான் வளர்ந்த இடத்தில், வை என்று சொல்லி யாரும் வைத்து நான் கண்டதில்லை." அவருடைய கதிரை அசைந்த சத்தம் கேட்டது. "அதை என் மகள் என் தோளில் இருந்து பார்த்தாள். எனக்குச் சம்மதம்."

நான் மகளின் தலைமயிருக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். "வை ஆர் யூ ஜம்பிங், மம்மி?" என்று அவள் கேட்டபோதுதான் நான் துள்ளிக்கொண்டு நிற்பது எனக்கே தெரிந்தது.

அதிகாரியின் கார் தெருமுனையில் திரும்பியதும் கணவர் கராஜுக்குப் போய், டூல் பெட்டிக்குள்ளே இருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். திறந்து மணந்தேன். லின்சீட் எண்ணெய்.

"போன ஞாயிறு பூசை முடிய பாதரிட்ட குடுத்து ஆசீர்வதிச்சு வாங்கினனான். என்னத்துக்கெண்டு கேட்டார். பழைய மரச் சாமான் ஒண்டுக்கெண்டனான்."

"போன ஞாயிறே முடிவெடுத்திட்டீங்களா? ஒரு சொல் சொல்லியிருக்கலாமே! நான் இஞ்ச செத்துக்கொண்டெல்லோ இருந்தனான்."

"சொன்னா நீர் என்னட்ட இன்னொருக்கா கேட்டிருப்பீர். பிறகும் இன்னொருக்கா கேட்டிருப்பீர்." பிறகு போத்தலின் மூடியை என் கையிலிருந்து வாங்கித் தானே இறுக்கினார். "அது வீட்டுக்கு வந்தா இதைப் பூசும். இனித் தண்ணி வேண்டாம், சரியோ?"

நான் ஓம் என்றேன். உடனே மெக்கானிக்குக்குத் தொலைபேசி எடுத்தேன். வணக்கம்கூடச் சொல்லாமல், "தண்ணி இல்லை, எண்ணெய்!" என்றேன். அந்தப் பக்கத்தில் அவர் ஒன்றும் விளங்காமலே சந்தோசத்தில் கத்தத் தொடங்கினார்.